கல்லும் வெல்லமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தை அமாவாசை நன்னாளில் திருவெவ்வுள் என்னும் திருவள்ளூர் திவ்ய தேசத்தை வந்தடையும் ஸேவார்த்திகள், ஸந்நிதிக்குள் புகுமுன் முதற்கண் நாடுவது ஹ்ருத்தாபநாசினி என்னும் திருக்குளத்தையே ஆகும். அதில் நீராடி, முன்னோர்க்குரிய தர்ப்பணத்தை முடித்து, கையிற் கொணர்ந்த வெல்லக் கட்டியை நீரில் இடுவது வழிவழியாக வந்த வழக்கம். வெல்லம் கரைவது போலத் தம்மைப் பற்றிய பிணியும் கரைய வேண்டும் என்பது அவர்களுடைய பிரார்த்தனை. நோயுற்ற குழந்தையின் பொருட்டு ஒரு தாயும், படுக்கையில் கிடக்கும் தந்தையின் பொருட்டு ஒரு மகனும் படித்துறையில் நின்று அந்நீரையே நோக்கியிருக்கும் காட்சி எத்தகையோர் உள்ளத்தையும் உருக்குவதாகும்.

இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. நீரில் இடுவதற்குப் பெரியோர்கள் வெல்லத்தைத் தேர்ந்தார்களேயன்றிக் கல்லைத் தேர்ந்தார்களில்லை. கையில் இருக்கும்போது வெல்லமும் கட்டியே, கல்லும் கட்டியே. நீரைத் தொட்ட பின்னரே வேறுபாடு விளங்குகின்றது. வெல்லம் தன் வடிவை இழந்து, சுற்றியுள்ள நீரையும் தித்திப்பாக்குகின்றது. கல்லோ தன் வடிவைக் காத்துக்கொண்டு அடியிற் சென்று தங்கிவிடுகின்றது. நூறாண்டு கிடந்தாலும் ஒரு துளி நீர் அதனுட் புகுவதில்லை. மனித நெஞ்சும் இவ்விரண்டில் ஒன்றாகவே அமைகின்றது. அதனைக் கல்லாக்குவது எது, கரைய வைப்பது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிருள்ள பொருள் கல்லாவது புராணங்களில் மட்டுமே நிகழும் அற்புதம் என்று பலர் கருதுவர். அங்ஙனமன்று. திருவள்ளூருக்குத் தெற்கே, கி.பி. 1017-ஆம் ஆண்டில் எம்பெருமானார் திருவவதாரம் செய்தருளிய ஸ்ரீபெரும்பூதூரைச் சூழ்ந்த நிலத்தினடியில் களிமண் பாறை அடுக்குகள் பல உள்ளன. அவற்றைப் பிளந்து பார்த்தால், புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வைத்தாற்போல இலைகளின் பதிவுகள் காணப்படுகின்றன. அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்குத் தழைத்திருந்த செடிகொடிகளின் இலைகள் என்று நிலவியல் அறிஞர்கள் கணித்துள்ளனர். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேட்டுப் பகுதியின் மணற்பாறைகளிலும் அத்தகைய பதிவுகள் உண்டு. சென்னைக் கரையோரத்து இத்தாவரப் பதிவுகளைப் பற்றி 1879-ஆம் ஆண்டிலேயே ஃபைஸ்ட்மாண்டல் என்ற அறிஞர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்.

இலை மட்டுமின்றி, பெருமரங்களும் இவ்வாறு கல்லானதுண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகின்றது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாய்க் கிடக்கின்றது. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்பர்.

மரம் கல்லாவது எவ்வாறு? வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மணலிலும் வண்டலிலும் ஆழப் புதைந்துவிடுகின்றது. காற்றுப் புகாமையால் அது எளிதில் உளுத்துப்போவதில்லை. மணலினூடே ஊறும் நீரில் சிலிக்கா என்னும் தாதுப்பொருள் கரைந்திருக்கின்றது. அந்நீர் மரத்தின் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணறைகளுக்குள் நுழைந்து, தான் கொணர்ந்த தாதுவைச் சிறிது சிறிதாகப் படிய வைக்கின்றது. ஓரறை நிரம்பியபின் அடுத்த அறை, அதன்பின் அடுத்தது என்று, மரத்துக்குரியது மெல்ல மெல்ல நீங்க, கல்லுக்குரியது அவ்விடத்தில் குடியேறுகின்றது. முடிவில் பட்டையும் கணுவும் ஆண்டு வளையமும் அப்படியே விளங்கும். தொலைவில் நின்று காண்பவன் விறகுக்கு ஆகும் என்று கோடாலியுடன் அணுகக்கூடும். ஆனால் ஓங்கினால் கோடாலியின் வாய் மழுங்கும். அம்மரம் அழுகாமல் நின்றுவிட்டது உண்மையே. ஆயினும் இனி அதில் ஒரு துளிர் அரும்பாது; அதன் நிழலில் ஒரு பசுவும் படுக்காது.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. கல்லாதல் ஒரே நாளில் நிகழ்வதன்று. கல்லான பின்னும் வடிவு மாறுவதில்லை. அழிவினின்று காப்பது போல் மூடிய அம்மண்ணே கல்லாவதற்கு வழி செய்தது. இம்மூன்றும் மரத்திற்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு மனித நெஞ்சிற்கும் பொருந்தும். நெஞ்சின் நுண்ணறைகளில் ஊறிப் படியும் அத்தாதுவின் பெயர் பயம்.

வடமொழியில் ஸ்தம்பம் என்னும் சொல்லுக்குத் தூண் என்பது ஒரு பொருள். அசைவற்று உறைந்து நிற்றல் என்பது மற்றொரு பொருள். பரத முனிவர் தம் நாட்ய சாஸ்திரத்தில் ஸாத்விக பாவங்கள் எட்டனை எண்ணுமிடத்து ஸ்தம்பத்தையும் ஒன்றாகக் கூறி, மகிழ்ச்சி, பயம், நோய், வியப்பு, துயரம் முதலியவற்றால் அது தோன்றும் என்று விளக்குகின்றார். பயத்தால் உறைந்து நிற்பது எல்லா உயிர்க்கும் இயற்கை. புலியின் வாடையை உணர்ந்த மான் ஒரு கணம் அசையாமல் நிற்கும். அசையாத உருவத்தைப் பகை காணாது போகவும் கூடும். அது படைப்பில் அமைந்த காப்பு. அக்கணம் கழிந்ததும் மான் துள்ளி ஓடிப் புல் மேயத் தொடங்கிவிடும். மனிதனோ புலி போன பின்னரும் நிற்கின்றான். வாராத புலிக்கும் அஞ்சி நிற்கின்றான். மானுக்குக் கணப்பொழுதாய் இருந்த ஸ்தம்பம் அவனுக்கு ஆயுட்காலமாகி விடுகின்றது.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் நிலை இதுவாகவே இருந்தது. வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, காண்டீபம் கையினின்று நழுவியது, தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டான். வில்லாளரில் தலைசிறந்தவன் வில்லை எடுக்கவும் மாட்டாதவன் ஆனான். அவனை எழுப்புதற்பொருட்டே கீதை பிறந்தது. அதன் பதினாறாம் அத்யாயத்தில் தெய்வ ஸம்பத்துக்களை வரிசைப்படுத்தும் பகவான், அபயத்தையே முதலாவதாக வைத்தருளினான். தானமும் தயையும் உண்மையும் அதன் பின்னரே எண்ணப்படுகின்றன. இவ்வரிசை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அஞ்சுகின்றவனுக்குத் தானம் செய்யக் கை நீளாது; உண்மை சொல்ல நா எழாது. அபயம் என்னும் நிலம் இருந்தால்தான் ஏனைய குணங்கள் முளைக்கும்.

பயத்தால் கல்லான நெஞ்சுக்கு இரணியனைக் காட்டிலும் தெளிந்த உதாரணம் இல்லை. மூவுலகையும் நடுங்க வைத்தவனைப் பயந்தவன் என்பது வியப்பாகத் தோன்றலாம். அவன் வேண்டிய வரங்களைக் கருதுக. மனிதனாலும் மிருகத்தாலும் மரணம் கூடாது. பகலிலும் இரவிலும் கூடாது. உள்ளும் புறமும் கூடாது. மண்ணிலும் விண்ணிலும் கூடாது. தம்பியின் மரணத்தைக் கண்டவன் தன் மரணத்தை அஞ்சி எழுப்பிய மதில்கள் அவை. அவ்வரத்தின் பொருட்டு அவன் தவம் புரிந்தபோது புற்று வளர்ந்து அவன் உடலை முழுதும் மூடிற்று என்று ஸ்ரீமத் பாகவதம் கூறுகின்றது. மணல் மூடிய மரத்தின் நிலையே அவன் நிலையும். எழுந்து வெளியே வந்தவன் வடிவில் அரசன், உள்ளே கல். ஆதலின் பெற்ற பிள்ளையை மலையினின்று தள்ளவும் தீயில் இடவும் அவனுக்குக் கை கூசவில்லை.

ப்ரஹ்லாதனோ எதற்கும் அஞ்சவில்லை. தந்தை அறைந்த ஸ்தம்பத்திலிருந்து ந்ருஸிம்ஹன் வெளிப்பட்டபோது தேவர்களும் அருகே செல்ல நடுங்கினர். பிராட்டியும் அணுகத் தயங்கினாள். அக்குழந்தை சென்று திருவடியில் விழுந்தது. எம்பெருமான் தன் திருக்கையை அதன் தலைமேல் வைத்தருளினான். அதன்பின் ப்ரஹ்லாதன் வேண்டியது யாது? துன்புற்றுக் கிடக்கும் மற்றவர்களை விட்டுத் தான் மட்டும் முக்தியடைய விருப்பமில்லை என்றான். அஞ்சிய தந்தை ஊரெல்லாம் அழிந்தாலும் தான் ஒருவனே வாழ வேண்டினான். அஞ்சாத மகன் ஊரோடு தானும் உய்ய வேண்டினான். ஸ்தம்பம் பிளந்து எம்பெருமான் வந்தது ஓர் அசுரனை மாய்க்க மட்டுமன்று. உறைந்த ஸ்தம்பத்தினுள்ளும் தான் இருப்பதைக் காட்டவும் ஆகும்.

ஸ்ரீமத் ராமாயணம் பால காண்டத்தில் சாபமுற்ற இரு பெண்மணிகளைக் காண்கின்றோர் இதனை மேலும் தெளியலாம். அகலிகை கல்லானாள் என்பது கம்ப நாட்டாழ்வார் வழியாகத் தமிழுலகம் நன்கறிந்த வரலாறு. வால்மீகி முனிவர் அவள் காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் ஆசிரமத்தில் தவித்திருந்தாள் என்று கூறுகின்றார். வால்மீகியில் கல்லாகும்படி சபிக்கப்பட்டவள் ரம்பை. விச்வாமித்திரரின் தவத்தைக் கலைக்கும்படி இந்திரன் ஏவியபோது, முனிவர் சபிப்பார், தனக்கு அச்சமாக இருக்கின்றது என்று அவள் கை கூப்பி நடுங்கினாள். அஞ்ச வேண்டாம், தான் அருகிலேயே இருப்பதாக இந்திரன் கூறினான். அவள் சென்றாள், முனிவர் சபித்தார், பதினாயிரம் ஆண்டு கல்லாய்க் கிடக்க நேர்ந்தது. அச்சொல் கேட்ட அளவில் மன்மதனும் இந்திரனும் அவ்விடத்தை விட்டு அகன்றனர். இந்திரன் தந்த அபயத்தின் மதிப்பு அவ்வளவே.

இக்கதையை ஜனகர் சபையில் இராமபிரானுக்குக் கூறியவர் சதானந்தர், அகலிகையின் மைந்தர். தம் தாய் மீண்ட செய்தியைக் கேட்டு உளம் குளிர்ந்த பின்னரே அவர் இதனைச் சொல்லத் தொடங்குகின்றார். அஞ்சாதே என்று சொல்லி விட்டு ஓடியவன் ஒருவன். சொல்லாமலே நடந்து வந்து எடுத்தவன் மற்றொருவன். சாபம் நீங்கிய அகலிகை முதலிற் செய்தது விருந்தோம்பல். கால் கழுவ நீரும் அர்க்யமும் தந்து ராகவர்களை உபசரித்தாள். நெஞ்சு இளகியதற்கு அடையாளம் கை நீள்வதே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இந்நிலத்திலேயே கல்லைப் பற்றிய வேறொரு செய்தி உண்டு. பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. 1863-ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியல் அறிஞர் அங்கே பண்டைய மாந்தர் செதுக்கிய கற்கோடரிகளைக் கண்டறிந்தார். அவற்றுள் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் வெளியான ஆய்வு முடிவு உலக அறிஞர்களை வியக்கச் செய்தது. வீடும் விளக்கும் இல்லாத அம்மாந்தருக்கும் இருளும் விலங்கும் பசியும் அச்சம் தந்திருக்கும் அன்றோ? அவர்கள் அச்சத்தால் கல்லாகி நிற்கவில்லை. கல்லைக் கையில் எடுத்துக் கருவியாக்கினர். அன்று கற்கருவி சமைத்த அம்மண்ணின் கிழக்கே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இன்று உருக்கும் இயந்திரமும் உருவாகின்றன. கல் கையில் இருந்தால் கருவி. நெஞ்சில் இருந்தால் சுமை.

அச்சம் நெஞ்சைக் கல்லாக்குவதை இக்காலத்தவர் தம் கண்களாலேயே கண்டனர். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கரோனா நோய்க்குச் சென்னையில் ஒரு மருத்துவர் பலியானார். அவருடைய உடலை அடக்கம் செய்யக் கொண்டு சென்றபோது, தொற்று தம் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயத்தினால் திரண்ட கூட்டம் கற்களையும் கட்டைகளையும் கொண்டு தாக்கிற்று. உடன் சென்றோர் காயமுற்றனர். பின்னர் நள்ளிரவில், அவருடன் பணி செய்த வேறொரு மருத்துவர் மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அடக்கத்தைத் தடுப்போர்க்குச் சிறைத்தண்டனை விதிக்க அரசு அவசரச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கல்லெறிந்தவர் கொடியவராகப் பிறந்தவரல்லர். வீட்டில் தம் குழந்தையை மடியில் வைத்துச் சோறூட்டியவர்களே அவர்கள். கையில் எடுத்த கல்லுக்கு முன்னமே நெஞ்சில் ஒரு கல் விழுந்திருந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில், கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில், வேலையிழந்த வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக் கொண்டு வெயிலில் வடக்கு நோக்கி நடந்தனர். அவர்களைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் இருந்தன. அன்னப் பொட்டலமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்த கைகளும் இருந்தன. நோயின் அச்சம் இரு சாராருக்கும் ஒன்றே. ஒரு சாரார் அச்சத்தோடு கல்லாயினர். மறு சாரார் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அச்சத்தோடேயே கை நீட்டினர். அபயம் என்பது அச்சமே தோன்றாத நிலை என்று எண்ண வேண்டா. அச்சம் தோன்றிய பின்னும் கரைய மறுக்காத நெஞ்சே அபயம் பெற்ற நெஞ்சாகும்.

பெருநோய்க் காலத்தில் மட்டும் இது நிகழ்வதன்று. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றிப் பலர் நிற்கின்றனர், தொடுவார் இல்லை. தொட்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேரும் என்பது அவர்களுடைய பயம். அவ்வாறு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்குப் பாதுகாப்பு அளித்திருக்கின்றது. உதவியவர் தம் பெயரைக் கூற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களின் எண்ணே அவசர ஊர்தியை அழைக்கும் எண்ணாகவும் அமைந்திருக்கின்றது. திவ்ய தேச யாத்திரை செய்வோர் அவ்வெண்ணை மறக்க நியாயமில்லை. ஆலையில் இயந்திரத்தின் காப்பு மூடி கழன்றிருப்பதைக் கண்டும், சொன்னால் வேலை போய்விடும் என்று வாய் மூடுபவன், மறுநாள் அதில் கை கொடுக்கப் போவது தானாகவோ தன் தோழனாகவோ இருக்கலாம் என்பதை எண்ண வேண்டும்.

தம் நோயையே அஞ்சி மறைப்போர் எத்தனை பேர்! மார்பில் ஒரு கட்டியை உணர்ந்த தாய், மக்கள் கலங்குவர் என்று மாதக்கணக்கில் சொல்லாமல் இருக்கின்றாள். இரு வாரங்களுக்கு மேல் இருமுகின்றவன், காசநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி மருத்துவமனையின் வாசலை மிதிப்பதில்லை. காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து தருகின்றனர். பெரும்பாலோர்க்கு ஆறு மாதம் தவறாமல் உண்டால் குணமாகின்றது. மார்பகக் கட்டியும் தொடக்கத்தில் அறியப்பட்டால் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி. மறைப்பவர்கள் தம்மைக் காத்துக்கொள்வதாகவே எண்ணுகின்றனர். மரத்தை மூடிய மணலும் அப்படித்தான் காத்தது. திருவெவ்வுள் பெருமானுக்கு வைத்ய வீரராகவன் என்று திருநாமம். வைத்தியனிடம் வந்து நின்று நோயை மறைப்பவர் உண்டோ? இங்கே வெல்லத்தைக் கரைத்த கையோடு, ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சென்று நோயைச் சொல்லுவதும் அப்பிரார்த்தனையின் ஒரு பகுதியே ஆகும். மருத்துவரின் கையும் மருந்தின் குணமும் அவனிட்டவையே அன்றோ?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். ஏற்கனவே கல்லாகிவிட்ட நெஞ்சின் கதி என்ன? பல ஆண்டுகள் அஞ்சி அஞ்சி, அழவும் மறந்து, பிறர் துயர் கண்டும் அசையாமற் போனவருக்கு வழியுண்டா? அதற்கு விடை வைஷ்ணவர்கள் பலருடைய பூஜை அறையிலேயே, ஒரு சிறு பெட்டியில் எழுந்தருளியிருக்கின்றது. அதுவே ஸாளக்ராமம்.

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான ஸாளக்ராமம் நேபாள நாட்டில் முக்திநாத்தில் விளங்குகின்றது. அப்பகுதியில் பாயும் கண்டகி நதியின் கற்களே ஸாளக்ராம மூர்த்திகள். அவற்றினுள் காணும் சக்கரங்கள் வஜ்ரகீடம் என்னும் புழுவால் குடையப்பட்டவை என்று சாஸ்திரம் கூறும். நிலவியலார் அவற்றை அம்மோனைட்டு என்னும் கடலுயிர்களின் சுருண்ட ஓடுகள் என்பர். இமயம் எழுமுன் அவ்விடத்தில் டெத்திஸ் என்னும் பெருங்கடல் இருந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலின் சேற்றில் அவ்வுயிர்கள் புதைந்து கல்லாயின. பின்னர் கடலின் அடித்தளமே மலையாக உயர்ந்தது. அவ்வினமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகில் அற்றுப்போயிற்று. சாஸ்திரமும் நிலவியலும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. அக்கல்லுக்குள் ஒரு காலத்தில் ஒரு சிற்றுயிர் இருந்தது என்பதே அச்செய்தி.

எம்பெருமான் கல்லாய் எழுந்தருளியதற்கு ப்ரஹ்மவைவர்த்த புராணம் ஒரு காரணம் கூறுகின்றது. தன் கணவனை இழந்த துளஸி, இரக்கமற்ற கல் நெஞ்சன் என்று பகவானை வைது, கல்லாகும்படி சபித்தாள். ஸர்வேச்வரன் அச்சாபத்தை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, அவளுடைய கண்ணீருக்கு மதிப்புத் தந்து ஏற்றுக்கொண்டான். அவள் கண்டகியாய்ப் பெருகினாள். துளஸிச் செடியாயும் முளைத்தாள். அவன் அந்நதியின் கல்லாய்க் கிடந்தான். இன்றும் ஸாளக்ராம மூர்த்தியின் மேல் ஒரு துளஸி தளம் இல்லாமல் ஆராதனம் நிறைவுறுவதில்லை. பயத்தால் கல்லானவன் எவரையும் நெருங்கவிடான். கருணையால் கல்லானவனோ நாள்தோறும் திருமஞ்சனம் கொள்கின்றான். ஏழையின் கைக்குள்ளும் அடங்குகின்றான். பிராணப் பிரதிஷ்டையையும் எதிர்பாராமல் தானே ஸாந்நித்யம் கொடுக்கின்றான். கல்லாகிவிட்டோம் என்று கலங்கும் நெஞ்சினுள்ளும் புகுந்து தங்க அவன் கூசமாட்டான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இலைகள் கல்லான ஸ்ரீபெரும்பூதூர் மண்ணிலே தோன்றிய எம்பெருமானாரின் நெஞ்சு எத்தகையது என்பதைத் திருக்கோஷ்டியூர் அறியும். பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரார்த்தத்தை வெளியிட்டால் நரகம் நேரும் என்று ஆசாரியர் எச்சரித்திருந்தார். அஞ்சியிருந்தால் அவர் ஒருவரோடு அப்பொருள் புதைந்திருக்கும். தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வர் என்று துணிந்து ஆசையுடையோர்க்கெல்லாம் அவர் வழங்கியருளினார். சினந்து வந்த நம்பியும் அவருடைய கருணையைக் கண்டு உருகி அணைத்துக்கொண்டார். கரைந்த நெஞ்சு பிற நெஞ்சையும் கரைக்கும் என்பது இதனால் விளங்குகின்றது.

திருவெவ்வுள் ஸ்தல வரலாற்றின் சாரமும் இதுவே. சாலிஹோத்ர மஹரிஷி இத்தீர்த்தக் கரையில் ஓராண்டு உபவாஸம் இருந்தார். தை அமாவாசையன்று, சேர்த்து வைத்த அரிசியை மாவாக்கி எம்பெருமானுக்கு நிவேதனம் செய்து, உண்ண அமருமுன் அதிதியை எதிர்பார்த்தார். முதியவர் ஒருவர் பசியோடு வந்தார். ஓராண்டுப் பசியுடையவர் முன்னே ஒருவேளைப் பசியுடையவர் கை நீட்டினார். நாளைக்கு என்ன செய்வது என்ற பயம் எழுவதற்கு அதனினும் ஏற்ற இடம் உண்டோ? தமக்கென வைத்திருந்த பங்கையும் ரிஷி அளித்துவிட்டு, மீண்டும் ஓராண்டு உபவாஸம் மேற்கொண்டார். மறு தையிலும் அதிதி வந்தார், அனைத்தையும் உண்டார், களைப்பாக இருக்கின்றது, படுப்பதற்கு எவ்வுள் என்று கேட்டார். ரிஷி தம் குடிலையே காட்டினார். அங்கே சயனித்தவன் எம்பெருமான். அதனாலேயே ஊர் எவ்வுள் ஆயிற்று.

இன்றும் மூலவர் வலத் திருக்கையைச் சாலிஹோத்ரர் தலைமேல் வைத்தபடியே ஸேவை ஸாதிக்கின்றார். ப்ரஹ்லாதன் தலைமேல் ந்ருஸிம்ஹன் வைத்தருளிய அதே அபயத் திருக்கை அது. இந்திரனைப் போலச் சொல்லிவிட்டு அகலும் அபயமன்று. வந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, கையையும் எடுக்காத அபயம். எவ்வுள் என்ற வினாவை அவன் ஒரு முறை கேட்டு நிறுத்தியதாகக் கருத வேண்டா. ஸந்நிதிக்கு வரும் ஒவ்வொருவர் நெஞ்சையும் நோக்கி, படுப்பதற்கு இங்கே எவ்வுள் என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றான். இடமில்லாதபடி நெஞ்சின் அறைகளெல்லாம் பயத்தால் நிரம்பிக் கல்லாய் இறுகியிருந்தால் அவனுக்கு என்ன விடை கூறுவது?

ஆதலின், இவ்வுத்ஸவத்தில் கலந்துகொள்ளும் ஸேவார்த்திகள் குளத்தில் வெல்லத்தைக் கரைக்கும்போது தம் பயம் ஒன்றையும் பெயர் சொல்லிக் கரைப்பாராக. மறைத்த நோயாயின் வீட்டாரிடம் அன்றே சொல்லுவாராக. பேசாமற் போன உறவாயின் ஒரு வார்த்தை முற்பட்டுப் பேசுவாராக. கூட்டத்தில் தள்ளாடும் முதியவரைக் கண்டால் கை கொடுப்பாராக. மொழி தெரியாத தொழிலாளி பக்கத்தில் நின்றால் பிரஸாதத்தில் பாதியைப் பகிர்வாராக. இத்தகைய சிறு சிறு செயல்களாலேயே கல் கரையத் தொடங்கும். துளித் துளியாய் ஊறிய நீர் மரத்தைக் கல்லாக்கிற்று என்றால், துளித் துளியாய்ச் சுரக்கும் தயை கல்லை மீண்டும் மரமாக்க மாட்டாதோ? இயற்கையில் அது நிகழ்ந்ததில்லை. திருவருளில் அது நாள்தோறும் நிகழ்கின்றது.

ஸ்ரீ கனகவல்லித் தாயார் ஸமேத ஸ்ரீ வைத்ய வீரராகவ ஸ்வாமியின் கருணையால், இவ்வுத்ஸவத்தை ஸேவிக்கும் அன்பர்கள் அனைவரும் நோயற்று, பயமற்று, நெஞ்சம் கரைந்து, பல்லாண்டு இனிது வாழ்வார்களாக.

ஸ்ரீ வீரராகவன் திருவடிகளே சரணம்.

சுபம்